ஆறாம் நம்பர் மிஷின் எங்கே இருந்தது

முதலில் என் எழுத்துக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபது வயதுக்கு மேல் பழகிய எழுத்து இது. ஒரு வரி ஆவடிப் பக்கம் ஏறும், அடுத்த வரி பூந்தமல்லிப் பக்கம் இறங்கும். அச்சடித்துத் தருகிறேன் என்று எங்கள் அறக்கட்டளை செல்வராஜ் சார் சொன்னார். வேண்டாம் என்றேன். நம் கடையிலிருந்து உங்களுக்கு வந்த கடிதம் எல்லாம் கையால் எழுதியதுதான். இதையும் அப்படியே ஜெராக்ஸ் எடுத்து, பொருள் கொடுத்த உங்கள் எல்லோருக்கும் தபாலில் அனுப்பப் போகிறோம். மெதுவாகப் படியுங்கள். நானும் மெதுவாகத்தான் எழுதுகிறேன். இரண்டு வரி எழுதினால் உடம்பு உட்கார மாட்டேன் என்கிறது. எழுந்து போய் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலின் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து மூன்றாவது வரியை எழுதுகிறேன்.

செய்தி வந்தபோது நான் குத்தம்பாக்கத்தில் இருந்தேன். புதுப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தெருவில், இரண்டாவது மாடியிலிருந்து கட்டில் இறக்கிக்கொண்டிருந்தேன். பாதிப் படியில் போன் அடித்தது. கட்டிலைத் தோளால் சுவரோடு சேர்த்துத் தாங்கிக்கொண்டு, பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தேன். முன்பெல்லாம் கூப்பிடுவது யார் என்று காதில் வைத்த பிறகுதான் எனக்குத் தெரியும். இப்போது படிக்கிறேன். 'கஸ்தூரி மேடம்' என்று இருந்தது. படிக்க முடிந்ததில் ஒரு சந்தோஷம். மேடம் தேறி, அவரே கூப்பிடுகிறார் என்று இன்னொரு சந்தோஷம்.

"சொல்லுங்க மேடம், கட்டில் பாதி எறங்கிட்சு" என்றேன்.

பேசியது அவர் மகள் நித்யா. "மாமா, அம்மா போய்ட்டாங்க."

கீழே நின்றவர், "இன்னா பெரிசு, அப்டியே நின்னுட்ட? கால் வலிக்குதா?" என்று கத்தினார். கட்டில் தோளில் இருந்தது. இறக்கித்தானே ஆக வேண்டும், இறக்கினேன்.

உங்களில் பாதிப் பேருக்குக் கஸ்தூரி மேடத்தை நேரில் தெரியும். மீதிப் பேருக்கு அவர் கையெழுத்தைத்தான் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் ஸ்டோர்ஸ் பார்த்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கரையான்சாவடியில் ஒரு ஷட்டர் அறையை வாடகைக்கு எடுத்தார். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குக் கட்டில், வீல்சேர், வாக்கர், காற்றுப் படுக்கை, ஆக்சிஜன் மிஷின் எல்லாம் இரவலாகக் கொடுக்க ஆரம்பித்தார். காசு கிடையாது. தேவை தீர்ந்ததும் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். அறக்கட்டளை என்று பதிவு செய்து பலகையும் மாட்டினார். ஜனங்கள் 'கட்டில் கடை' என்றுதான் சொன்னார்கள். நான் அப்போது மீன்பாடி என்னும் மூன்று சக்கரச் சரக்கு வண்டியில் லோடு அடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடையின் முதல் கட்டிலை ஏற்றிப் போனவன் நான்.

முதல் வாரத்திலேயே அவர் கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார். கட்டில் வெளியே போனால் கொடுத்தவருக்கு ஒரு கடிதம், திரும்பி வந்தால் ஒரு கடிதம், உடைந்தால் ஒரு கடிதம். வாங்கியவர் பெயர் அதில் இருக்காது. ஊர் இருக்கும், பொருளின் நம்பர் இருக்கும், அதன் நிலைமை இருக்கும். எனக்கு வேடிக்கையாக இருந்தது. "இன்னாத்துக்கு மேடம் இவ்ளோ எழுத்து? குட்த்தவரு குட்த்துட்டு மறந்துட்டாரு" என்றேன்.

"ஏழுமலைண்ணா, ஸ்டோர்ஸ்ல ஒரு போல்ட்டு வெளிய போனாலும் எங்க போச்சுன்னு சீட்டு இருக்கும். ஒரு மனுசன் தன் அப்பா படுத்திருந்த கட்டிலக் கொண்டாந்து குடுக்கறாரு. அது எங்க போச்சுன்னு அவருக்குத் தெரிய வேணாமா?"

"அதான் வருசா வருசம் ஆடிட்டர் வர்றாரே."

"ஆடிட்டர் பணத்தப் பாப்பாரு. கட்டில யாரு பாப்பாங்க?"

கடிதம் எழுதும்போது அடியில் கார்பன் தாள் வைப்பார். நகலை ஒரு நோட்டில் ஒட்டி, அந்த நோட்டைக் கயிறு கட்டி ஷட்டருக்கு வெளியே ஆணியில் மாட்டுவார். அதற்குப் பெயர் வாசல் நோட்டு. பஸ்ஸுக்கு நிற்பவர்கள், டீ குடிப்பவர்கள், சும்மா போகிறவர்கள் யார் வேண்டுமானாலும் புரட்டலாம். வருடக்கணக்கில் நான் அந்த நோட்டுக்குப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்தினேன். அதில் ஓர் எழுத்துகூட எனக்குத் தெரியாது.

ஒரு தடவை ஒரு கம்பெனிக்காரர் ஐந்து வீல்சேர் கொண்டுவந்து இறக்கினார். கூடவே கம்பெனி பெயர் போட்ட பெரிய பேனர். வாங்குகிறவர்களை அதன் முன்னால் உட்கார வைத்துப் படம் எடுத்துத் தர வேண்டும் என்றார். மேடம் மறுத்துவிட்டார். "சார், நோயாளியப் படம் புடிச்சா உங்களுக்கு அவங்க மூஞ்சிதான் தெரியும். வீல்சேர் என்னாச்சுன்னு தெரியாது. நான் வீல்சேரப் பத்திச் சொல்றேன். பிரேக் புடிக்கலன்னா அதையும் சொல்றேன்." அவர் விடவில்லை, மேலிடத்துக்குக் காட்ட வேண்டும் என்றார். "படந்தான் வேணும்னா எங்க ஏழுமலைண்ணா உக்காருவாரு" என்றார் மேடம். நானும் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவரோடு வந்த டிரைவர், "சார், இவரப் பாத்தா நம்மள உக்கார வச்சி இவரு தள்ளிக்கினு போவாரு போல கீது" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். அவர் பேனரைச் சுருட்டிக்கொண்டு போனார். இரண்டு மாதம் கழித்து, 'மூன்றாம் நம்பர் வீல்சேரின் இடது பிரேக் பிடிக்கவில்லை, மாற்றிவிட்டோம்' என்று அவருக்குக் கடிதம் போயிற்று. அடுத்த வருடம் பேனர் இல்லாமல் வந்தார்.

இனி என் விஷயம். கை கூசுகிறது. எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

என் மனைவியின் அண்ணன், என் மச்சான், குத்தம்பாக்கத்தில் கொத்தனார். ஒரு பக்கம் கை கால் விழுந்து படுத்துவிட்டார். முதுகெல்லாம் புண். காற்றுப் படுக்கை என்று ஒன்று இருக்கிறது. மோட்டார் வைத்துக் காற்று ஏறி ஏறி இறங்கும், புண் ஆறும். கடைக்கு அது வந்தது எனக்குத் தெரியும். அதைத் திருமழிசையில் ஒரு மூதாட்டிக்குக் கொண்டுபோகச் சொல்லி என் வண்டியில் ஏற்றியிருந்தார்கள். அதற்கு முன் இன்னும் கொஞ்ச தூரம் தள்ளிப் போய் மச்சானைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன்.

"இன்னா மாமே, வண்டில இன்னா?"

"காத்து பெட்டு. உம் பேரும் லிஸ்ட்ல கீது. வரும்."

"லிஸ்ட்டாம்! வண்டி ஓட்டறது நீ. அத்த இந்தப் பக்கம் திருப்ப மாட்டியா?"

என் மனைவியும் அங்கே இருந்தாள். "எங்கண்ணன் முதுகு அழுகுது. நீ ஊருக்கெல்லாம் தூக்கினு போ" என்றாள். திருப்பிவிட்டேன். பொருள் வாங்கிக்கொண்டதற்குச் சீட்டில் ரேகை வாங்க வேண்டும். மச்சானின் கட்டை விரலில் மையைத் தடவி வைத்துக்கொண்டு போனேன். ரேகைதானே, எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

நான்காம் நாள் மூதாட்டியின் மகள் கடைக்கு வந்து சத்தம் போட்டாள். மேடம் சீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏழுமலைண்ணா, இது யாரு கை?"

"அந்தக் கெழவிதுதான் மேடம்."

"இதுல ரேகையே இல்ல. கொழகொழன்னு மை மட்டுந்தான் இருக்கு. சிமென்ட் தின்ன வெரல் இது. ரேசன் கடை மிஷின் இந்த வெரலத் திருப்பி அனுப்பும். கொத்தனார் யாரு?"

மச்சான் என்று ஒப்புக்கொண்டேன். அன்று மதியத்துக்குள் படுக்கை திருமழிசைக்குப் போயிற்று. மூதாட்டியின் புண் அந்த நான்கு நாளில் பெரிதாகியிருந்தது. நானே பார்த்தேன். சாயங்காலம் மேடம் கடிதம் எழுதினார். படுக்கையைக் கொடுத்தவர் வேலப்பன்சாவடி அடுக்குமாடியில் இருப்பவர், ஐ.டி. வேலை, ஊர் தெற்கே. தன் அம்மா நினைவாகக் கொடுத்திருந்தார். எழுதி முடித்து என் எதிரில் வாய்விட்டுப் படித்தார். பிறகு சொன்னார்: "உங்க பேரு இருக்கு. வேணாம்னா சொல்லுங்க, பேர எடுக்கறேன். விசயத்த எடுக்க மாட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "போடு மேடம், ஊருக்கே தெரியட்டும், ஏழுமலை திருடன்னு" என்று சொல்லிவிட்டு, அவர் கேட்காமலே அந்த நகலின் அடியில் என் கட்டை விரலை அழுத்திவிட்டு வெளியே வந்தேன்.

எட்டு நாள் கடைக்குப் போகவில்லை. மேடம் ஆள் அனுப்பவில்லை, கெஞ்சவில்லை. ஒன்பதாம் நாள் போன் செய்தார். "இன்னொரு காத்து பெட்டு திரும்பி வந்திருக்கு. லிஸ்ட்ல உங்க மச்சான் பேரு மேல வந்துடுச்சு. வந்து எடுத்துட்டுப் போறீங்களா, வேற வண்டி பாக்கட்டுமா?" போனேன். அவர் வழக்கம்போல் சீட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டு படுக்கையை ஏற்றினேன்.

அந்த ஐ.டி.காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். நான் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். "நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்லையே மேடம். ஏன் சொன்னீங்க?" என்று கேட்டார். "தெரிய வழியில்லாததாலதான் சார் சொன்னோம்" என்றார் மேடம். அவர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் அந்தப் படுக்கை எங்கே போனாலும் அவருக்குக் கடிதம் போய்க்கொண்டே இருந்தது. தபால் செலவு வீண் என்றேன். "குடுக்கறத அவரு நிறுத்தலாம். சொல்றத நாம நிறுத்தக் கூடாது" என்றார்.

எனக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. வாசல் நோட்டை யார் புரட்டினாலும் என் பக்கத்தைத்தான் படிக்கிறார்கள் என்று தோன்றும். அவர்கள் முகத்தையே பார்ப்பேன். ஒரு நாள் தாங்காமல் ஒருவரைக் கேட்டேன், "இன்னா போட்டுகீது அதுல?" அவர், "வாக்கருக்கு ரப்பர் மாத்துனாங்களாம், அதான் போட்டுகீது" என்றார். அரை மணி நேரம் நிம்மதி. பிறகு இன்னொரு எண்ணம் வந்தது. மேடம் எனக்குப் படித்துக் காட்டியதும் தாளில் எழுதியதும் ஒன்றுதானா? என் முகத்துக்காக ஒன்றைப் படித்துவிட்டு, அவருக்கு வேறு எழுதியிருந்தால்? கேட்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

இதற்காகத்தான் நான் படிக்கப் போனேன். பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு நடக்கும் சாயங்கால வகுப்பில் சேர்ந்தேன். என் மனைவி, "வண்டி ஓட்டி ஓட்டித் தேஞ்ச ஆளு. இப்ப இன்னா, கலெக்டரு வேலைக்கா?" என்றாள். பஸ் போர்டு படிக்க என்று சொன்னேன். மேடத்திடமும் அதையே சொன்னேன். ஒன்றரை வருடம் ஆயிற்று. வகுப்புக்கு வெளியே நானே படித்த முதல் வாசகம், 'இங்கே பஞ்சர் போடப்படும்'. வண்டியை நிறுத்திவிட்டு அந்தப் பலகைக்கு எதிரில் நின்று சிரித்தேன். கடைக்காரர் எழுந்து வந்து, "எந்த டயர் நைனா?" என்றார். எந்த டயரும் இல்லை என்று சொல்லிவிட்டு இன்னும் சிரித்தேன். அன்றைக்கு வழியில் இருந்த பலகை அத்தனையும் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே போனேன். இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

மேடத்துக்கு நுரையீரலில் நோய் என்று தெரிந்து, ஏதோ பரிசோதனைக்குப் போயிருந்த ஒரு காலை நேரம். பழைய வாசல் நோட்டுகள் அலமாரியில் இருந்தன. என் ரேகை இருந்த பக்கத்தைத் தேடி எடுத்தேன். ஒரு பக்கத்தைப் படிக்க மதியம் ஆகிவிட்டது. நகலைப் பார்த்து இங்கே எழுதுகிறேன்:

'ஐயா, உங்கள் தாயார் நினைவாக நீங்கள் கொடுத்த காற்றுப் படுக்கை திருமழிசையில் ஒரு மூதாட்டிக்குப் போயிருக்க வேண்டும். நான்கு நாள் அது குத்தம்பாக்கத்தில் வேறொருவரிடம் இருந்தது. அவர் எங்கள் வண்டிக்காரர் ஏழுமலையின் உறவினர். கொண்டுபோய்க் கொடுத்தவர் ஏழுமலை. அவருடைய உறவினருக்கும் அது தேவைதான். ஆனால் அவர் முறை வரவில்லை. இந்த நான்கு நாளில் மூதாட்டியின் புண் பெரிதாகிவிட்டது. இன்று மதியம் படுக்கை அவரிடம் சேர்ந்தது. இனிமேல் பொருள் போன மறுநாளே நான் போனில் கேட்டு உறுதி செய்வேன். இதுவரை அப்படிச் செய்யாதது என் தவறு. இதை ஏழுமலைக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். வருந்துகிறேன்.'

அவர் எனக்குப் படித்துக் காட்டியதேதான். ஒரு வார்த்தை கூடவில்லை, குறையவில்லை. 'அவருடைய உறவினருக்கும் அது தேவைதான்' என்றதும், 'என் தவறு' என்றதும் அன்றைக்கும் என் காதில் விழுந்திருக்கும். கோபத்தில் நான் கேட்கவில்லை. மேடம் திரும்பி வந்ததும், "படிச்சிட்டேன் மேடம், நானே" என்றேன். எதை என்று அவர் கேட்கவில்லை. கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். "இதுக்குத்தானா பஸ் போர்டு?" என்று சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து உட்கார்ந்துவிட்டார்.

இவ்வளவும் எழுதியது இனிமேல் எழுதப்போவதற்காக. அவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ள எனக்கும் ஆசைதான்.

உங்களில் பன்னிரண்டு பெண்கள், மேடத்தோடு ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள், போனஸில் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது ஆறாம் நம்பர் ஆக்சிஜன் மிஷின். மூன்று மாதமாக அதைப் பற்றி உங்களுக்குக் கடிதம் வரவில்லை. எந்தப் பொருளைப் பற்றியும் யாருக்கும் வரவில்லை. மேடத்துக்கு முடியவில்லை. வேறு யாரும் எழுதவில்லை.

ஒரு நாள் மதியம் அந்த மிஷினை ஆவடிக்குக் கொண்டுபோக வண்டியில் ஏற்றியிருந்தேன். ஓய்வு பெற்ற தொழிலாளி ஒருவர், மூச்சுத் திணறல், லிஸ்ட்டில் முதல் பெயர். அந்தப் பெயரை நானே படித்தேன். கிளம்பும்போது நித்யா போன் செய்தாள். மேடத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், வாடகைக்குச் சொன்ன மிஷின் நாளைக்குத்தான் வருமாம், அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று அழுதாள். நான் வண்டியைத் திருப்பினேன். இந்த முறை யாரும் என்னைத் திருப்பச் சொல்லவில்லை.

மிஷினைக் கட்டில் பக்கத்தில் வைத்தேன். மேடம் அதன் மேலிருந்த நம்பரைப் பார்த்தார்.

"இது... எங்க போவணும்?"

"ஆவடிக்கு மேடம்." பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நித்யா பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். மேடம் மிஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மார்பு ஏறி ஏறி இறங்கியது. பிறகு சொன்னார்:

"மாட்டுங்க."

அந்த மிஷின் பத்தொன்பது நாள் அங்கே ஓடியது. வாடகை மிஷின் மறுநாள் வரவில்லை, வருமா என்று யாரும் திரும்பக் கேட்கவும் இல்லை. ஆவடிக்கு நான் போன் செய்து, மிஷின் ரிப்பேர் என்று சொன்னேன். நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவர்கள் நகையை அடகு வைத்து வாடகைக்கு எடுத்தார்கள். மேடம் இரண்டு முறை கடிதத்தாள் கேட்டார். இரண்டாம் முறை நானும் அங்கே இருந்தேன். எனக்கு எழுதத் தெரியும். சொல்லுங்கள், நான் எழுதுகிறேன் என்று நான் சொல்லவில்லை. என் கோணல் எழுத்தை அவரிடம் காட்ட வெட்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. எழுதினால் மிஷினை எடுக்கச் சொல்வார் என்று பயந்தேன். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அறக்கட்டளையைச் சேர்ந்த செல்வராஜ் சாரிடம் இதைச் சொன்னேன். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்லவர். அஞ்சலிக் கடிதத்தில் இதை எழுதப்போகிறேன் என்றதும் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏழுமலை, இது அஞ்சலி. குற்றப் பத்திரிகை இல்ல. இதப் படிச்சுட்டு நாலு பேரு குடுக்கறத நிறுத்திடுவாங்க."

"ஒருத்தரு ஏற்கெனவே நிறுத்துனாரு சார், என்னால. மேடம் எழுதறத நிறுத்தல."

"அது வேற. உங்களப் பத்தி எழுதினப்ப நீங்க எதிர்ல நின்னீங்க. கத்தினீங்க. அவங்க இப்ப எப்படிக் கத்துவாங்க?"

  எழுதிக்கொண்டிருக்கும்போதும் அந்தக் கேள்வி என்னைக் குத்துகிறது. கடைசியில் அவர், "நித்யா சரின்னா எனக்கும் சரி" என்றார்.

நித்யாவிடம், மேடம் என்னிடம் கேட்டதையே கேட்டேன். பேர் வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன், விஷயத்தை எடுக்க மாட்டேன் என்றேன். நாளைக்குச் சொல்கிறேன் என்றாள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளும் நான் காரணமே இல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு கரையான்சாவடிக்கும் திருமழிசைக்கும் போய்ப் போய் வந்தேன். மூன்றாம் நாள் அவளே கடைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"பேர எடுத்துட்டா மட்டும் யாருன்னு தெரியாதா மாமா? போடுங்க. ஆனா ஒண்ணு விட்டுட்டீங்க. அம்மா தாள் கேட்டப்ப, நாளைக்கு எழுதலாம்மான்னு பேனாவப் பிடுங்கி வச்சது நான். ரெண்டு தடவையும். அதையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

மேடம் போன பிறகும் ஆவடியில் முகம் காட்டக் கூசிக் கடையிலேயே வைத்திருந்த மிஷினை நேற்றுத்தான் கொண்டுபோனேன். கதவைத் திறந்தது அந்தப் பெரியவரின் மகள்.

"வாய்யா, இப்பத்தான் வழி தெரிஞ்சிதா? ரிப்பேர் முடிஞ்சிட்சா?"

"ரிப்பேர் இல்லம்மா. அன்னிக்கு நான் சொன்னது பொய்யி. மிஷின் எங்க மேடம் ஊட்ல ஓடிச்சி. அவுங்க எறந்துட்டாங்க."

 அவள் மிஷினைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எறந்தவங்களச் சொல்லக் கூடாது. ஆனா கேக்கறேன். உங்க மேடம்னா மிஷினு, எங்கப்பானா லிஸ்ட்டா? எங்கம்மா போட்டுகினு இருந்த செயின வச்சிட்டு வந்தேன் நானு."

"இத்தையெல்லாம் கடுதாசில எழுதப் போறேம்மா, மிஷின் குட்த்தவங்களுக்கு."

"எழுதறியா? அப்ப நான் கேட்டதையும் எழுது. உள்ளது உள்ளபடி எழுது."

உள்ளது உள்ளபடி எழுதியிருக்கிறேன். பெரியவர் எங்கள் பேச்சு எதையும் கேட்டதாகவே காட்டவில்லை. மிஷினை ஓட விட்டதும், "இதுல சத்தம் கம்மியா கீது" என்று மட்டும் சொன்னார்.

மேடம் நினைவாக என்ன வேண்டும் என்று செல்வராஜ் சார் கேட்டார். நாற்காலியைக் காட்டினார், மூக்குக் கண்ணாடிக் கூட்டைக் காட்டினார். எனக்கு அவர் கடிதம் எழுதும் முறை போதும். முதலில் நடந்தது. அப்புறம் யார் செய்தது. அப்புறம் யாருக்கு என்ன கெட்டுப்போனது. அப்புறம் இனி என்ன செய்யப் போகிறோம். வருத்தம் கடைசியில், ஒரே வார்த்தை. அதை நான் வைத்துக்கொள்கிறேன். அதன்படியே இதையும் முடிக்கிறேன்.

அந்தப் பன்னிரண்டு பேருக்கும்: நீங்கள் கொடுத்த ஆறாம் நம்பர் மிஷின் முறைப்படி ஆவடிக்குப் போயிருக்க வேண்டும். பத்தொன்பது நாள் கஸ்தூரி மேடம் வீட்டில் ஓடியது, அதன் பிறகு நேற்றுவரை கடையில் சும்மா கிடந்தது. கொண்டுபோனது நான். மாட்டச் சொன்னது அவர். கடிதம் எழுத விடாமல் தள்ளிப்போட்டது அவர் மகள், எழுதாமல் இருந்தது நான். ஆவடிக் குடும்பத்தின் நகை இன்னும் அடகில் இருக்கிறது. அதை மீட்க நம் கடை என்ன செய்ய வேண்டும் என்று வரும் புதன்கிழமை கூடிப் பேசுகிறோம். நீங்களும் வந்து கேட்கலாம். இனிமேல் லிஸ்ட்டும், பெயர் இல்லாமல் ஊர் மட்டும் போட்டு, வாசல் நோட்டோடு வெளியே தொங்கும். வருந்துகிறேன்.

மிஷினின் ஃபில்டரை வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். வெள்ளிக்கிழமை ஆவடிக்குப் போவேன். பெரியவருக்கு மூச்சு எப்படி இருக்கிறது, மகள் என்ன சொன்னாள், புதன்கிழமை பேசியது அவளுக்குப் போதுமா என்று கேட்டுக்கொண்டு, சனிக்கிழமை உங்களுக்கு எழுதுகிறேன். அவள் திட்டினாலும் எழுதுகிறேன்.